ஆஸ்பத்திரிக்கு வெளிச்சம் கொடுத்தவர்

அன்பு மகன்,

இதை உன் லாப்டொப்பின் மேல் வைத்துவிட்டு நான் வெளியே போகிறேன். தேடி வராதே. பார்க்கை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடுவேன். நீ வாசிக்கும்போது உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிரில் இருக்க எனக்குத் துணிவில்லை. நேரில் சொல்லத்தான் நினைத்தேன். இந்த மூன்று வாரத்தில் நான்கு தடவை உன் அறைக் கதவுவரை வந்தேன். ஒவ்வொரு தடவையும் "ரீ குடிக்கிறியோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். நீயும் சலிக்காமல் நான்கு தடவையும் ஓம் என்றாய். அம்மா பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலைக்குப் போன பிறகு, காலையில் சாப்பாட்டு மேசையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன். என் கையெழுத்து உனக்கு வாசிக்கக் கஷ்டமாக இருக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உக்ரேனுக்குப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து ஒரே பயம்தான். உனக்குச் சொல்லாமல் ஒரு வேலை செய்தேன். நீ போகப்போகும் நகரத்துக்கு விமானத் தாக்குதல் அபாயம் வந்தால் சங்கு ஊதுகிற செயலி ஒன்றை என் போனில் போட்டு வைத்தேன். போன செவ்வாய்க்கிழமை கிரீன் ஸ்ட்ரீட்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அது ஊதியது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நிறுத்தத் தெரியாமல் போனை வெண்டிக்காய்ப் பைக்குள் வைத்து அமத்திப் பிடித்தேன். அது உள்ளே இருந்து ஓலமிட்டது. பக்கத்தில் இருந்த பெண் என் தோளைத் தொட்டு, உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று கேட்டா. அந்த நேரம் அங்கே ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிலவறைப் படியால் இறங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். இன்னும் சில நாளில் என் பிள்ளையும் அந்தப் படியில் நிற்பான் என்று நினைத்தேன். அடுத்த தரிப்பில் இறங்கி வீடுவரை நடந்தே வந்தேன். ஒவ்வொரு நவம்பரிலும் வாணவேடிக்கை தொடங்கியதும் நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு இருப்பது உனக்குத் தெரியும். அப்பாவுக்குச் சத்தம் பிடிக்காது என்று அம்மா உனக்குச் சொல்லி வைத்திருந்தா. பிடிக்காமல் இல்லை, மகன். எனக்குப் பயம். அதை நீ பார்க்கக் கூடாது என்றுதான் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

உன் வேலை எனக்கு விளங்கவில்லை என்று நீ நினைக்காதே. போன மாதம் இதே மேசையில் இருந்து நீ விளங்கப்படுத்தினாய். "அப்பா, டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் நிண்டால் நீங்கள் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டாய். பஸ் எடுப்பேன், இல்லாவிட்டால் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு நடந்து போய் வேறு ரயில் பிடிப்பேன் என்றேன். "லண்டனுக்கு அந்த ஒரு லைன் மட்டும்தான் எண்டால்?" என்றாய். பிறகு நீயே விடையும் சொன்னாய். பெரிய மின்நிலையத்தை ஏவுகணை அடித்தால் ஒரு மாகாணமே இருண்டுவிடுகிறது. ஆகவே அங்கங்கே சிறிய எரிவாயு எஞ்சின்கள், பள்ளிக்கூடக் கூரைகளில் சூரியத் தகடுகள், நிலத்துக்குக் கீழே பற்றறிகள். அடி விழுந்தால் ஒவ்வொரு துண்டும் பெரிய கம்பியிலிருந்து தன்னைத் தானே கழற்றிக்கொண்டு தனியாக ஓடும். ஆஸ்பத்திரியும் தண்ணீர் பம்பும் நிற்காது. பெரிய கம்பியைத் திருத்தியதும் திரும்பச் சேர்ந்துகொள்ளும். யுத்தம் முடியட்டும் என்று காத்திருக்காமல், அடி வாங்கிக்கொண்டே ஒரு நாடு தன் மின்சாரத்தை இப்படித் துண்டு துண்டாகத் திரும்பக் கட்டுகிறது என்றாய். சொல்லும்போது உன் கண் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அதனால்தான் அன்றைக்கும் பயந்தேன்.

அதற்கு அடுத்த கிழமை நீ உன் அறையில் உக்ரேனில் இருக்கிற ஒலேனா என்ற பொறியியலாளரோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தாய். நான் ரீயோடு உள்ளே வந்தேன். அந்தப் பெண்பிள்ளை ஒரு தண்ணீர் பம்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்தது. நீ அசையவில்லை. "வருவா அப்பா, இருங்கோ," என்றாய். பதினொரு நிமிடம். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ரீ ஆறிப்போனது. பிறகு திரை வெளித்தது. அந்தப் பிள்ளை தலைமயிரை ஒதுக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அந்த பம்பைப் பற்றியே சொல்லத் தொடங்கினா. என்ன நடந்தது என்று அவ சொல்லவும் இல்லை, நீ கேட்கவும் இல்லை. உங்கள் இருவருக்கும் அது பழகிவிட்டது என்று கண்டேன். அன்று மத்தியானம்தான் நான் உன்னோடு சண்டை பிடித்தேன். ஏன் நீ, வேறு ஆள் இல்லையா, இங்கே இருந்தபடியே செய்ய ஏலாதா என்றெல்லாம் கத்தினேன். நீ குரலை உயர்த்தவில்லை. ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் முடித்தாய். "யூ டிட் இட், அப்பா. நீங்கள் செய்ததைத்தானே நானும் செய்யப்போறன்."

அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தக் கடிதம். நான் அதைச் செய்யவில்லை, மகன். அதாவது, நான் சொன்ன மாதிரிச் செய்யவில்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஊரில் எங்கள் ஆஸ்பத்திரியின் மின்வேலைக்கு நான் பொறுப்பாக இருந்தேன். தெற்கே மலைநாட்டில் எடுக்கிற கரண்ட் ஒரே ஒரு பெரிய கம்பிப் பாதையால் எங்கள் வடக்குக் குடாநாட்டுக்கு வந்தது. சண்டையில் அந்தப் பாதை போனதும் எல்லா ஊரும் ஒன்றாக இருண்டது. ஆஸ்பத்திரியில் மட்டும் ஒரு பெரிய ஜெனரேற்றர் இருந்தது. அதன் அறைச் சாவி என்னிடம். சத்திரசிகிச்சை அறை, வார்ட், கிணற்று மோட்டர் எல்லாம் அந்த ஒன்றில். டொக்டர்மார் கூட என்னைக் கேட்டுத்தான் லைற் போட வேண்டும். முப்பது வயதில் ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய கிரீடம் என்று உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரி அம்புலன்ஸைத் திருத்துகிற மெக்கானிக்கின் பெயர் மரியநாயகம். எல்லோருக்கும் மரியன் அண்ணை. படித்துப் பெற்ற சேர்ட்டிபிக்கற் ஒன்றும் இல்லாதவர், ஆனால் எந்த எஞ்சினும் அவர் சொல் கேட்கும். ஷெல் அடி கிட்ட வரத் தொடங்கிய காலத்தில் ஒரு நாள் என்னைக் கராஜுக்குள் கூப்பிட்டு, நிலத்தில் சோக்கால் கீறிக் காட்டினார். தோட்டக்காரர் தண்ணீர் இறைக்கிற சின்ன மண்ணெண்ணெய் மெஷின்கள் நாலு. ஒவ்வொன்றோடும் ஒரு டைனமோ, இரண்டு லொறி பற்றறி. ஒன்று சத்திரசிகிச்சை அறைக்கு, ஒன்று பிரசவ வார்டுக்கு, ஒன்று கிணற்றடிக்கு, ஒன்று பொது வார்டுக்கு.

"எல்லாத்தையும் ஒரு அறைக்குள்ளை வைச்சால் ஒரு ஷெல் காணும், எல்லாம் போயிடும், ஐசே," என்றார். என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "சின்னனாய் நாலு பக்கமும் வைப்பம். ஒண்டு போனால் மற்ற மூண்டும் நிக்கும்."

உன் அறையில் இருக்கிற வெள்ளைப் பலகையில் நீ கீறி வைத்திருக்கிறாயே, அதே படம்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சேர்ட்டிபிக்கற் இல்லாத ஆள் கரண்ட் வேலையில் கை வைக்க ஏலாது என்றேன். பாதுகாப்பு இல்லை, நெருப்புப் பிடிக்கும், மேலிடம் ஒத்துக்கொள்ளாது என்றேன். மேலிடம் என்று அந்த நாளில் எவரும் இருக்கவில்லை. நாலு இடத்தில் நாலு எஞ்சின் ஓடினால், நேர்ஸ்மாரே கயிற்றை இழுத்து லைற் போட்டுக்கொள்வார்கள். பிறகு என் சாவிக்கு என்ன வேலை? அதை நான் அப்போது எனக்கே சொல்லவில்லை. இரண்டு மாதம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு மாதமும் நான் மறுத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ஜெனரேற்றர் அறையில் ஷெல் விழுந்தது. நான் அன்று பிந்தித்தான் போனேன். கூரை இல்லை. என் பெரிய மெஷின் பக்கவாட்டில் சரிந்து எண்ணெய் வழியக் கிடந்தது. ஆஸ்பத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை, தண்ணீரும் இல்லை. நான் அங்கே ஐந்து நிமிடம் கூட நிற்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் விடிய மரியன் அண்ணை எங்கள் படலை வாசலில் வந்து மணி அடித்தார். சைக்கிள் கரியரில் ஒரு டைனமோவைக் கயிற்றால் கட்டியிருந்தார். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. "வாரும் ஐசே, ரெண்டு பேரெண்டால் கெதியா முடிக்கலாம்," என்றார். நான் கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றேன். "பிள்ளைக்குக் காய்ச்சல் அண்ணை. விட்டிட்டு வர ஏலாது," என்றேன். உனக்கு அப்போது பதினொரு மாதம். உனக்குக் காய்ச்சல் இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நான் எங்கள் வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் இருந்தேன். உன்னை மடியில் வைத்திருந்தேன். உன்னைப் பாதுகாக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நீதான் என்னைப் பாதுகாத்தாய். மடியில் பிள்ளையோடு இருக்கிறவனைப் பார்த்து ஏன் வேலைக்குப் போகவில்லை என்று எவரும் கேட்கமாட்டார்கள். மரியன் அண்ணைக்கும் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை அந்த நாட்களில் நான் நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். ஆஸ்பத்திரி இருட்டில் கிடந்த அந்த நாட்களில் வார்டுகளில் என்ன நடந்தது என்று இன்றுவரை எவரிடமும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருந்ததும் என் பிழைதான்.

அவர் தனியே தோட்டம் தோட்டமாகப் போய் மெஷின் கேட்டு வாங்கினார். மூன்றாம் நாள், முதலாவது எஞ்சினைச் சத்திரசிகிச்சை அறைக்குப் பின்னால் வைத்து ஓடவிட்டார். பழைய காரொன்றின் இரண்டு ஹெட்லைற்றைக் கழற்றி, மேசைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு வெளிச்சம் கொடுத்தார். நாலாம் நாள், மற்ற எஞ்சினுக்குக் கேபிள் போதாமல் போனதால், உடைந்த ஜெனரேற்றர் அறைக்குள் இறங்கிக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். அப்போது அதே இடத்துக்குத் திரும்ப அடித்தார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. தான் கட்டின அந்த ஹெட்லைற்றுகளுக்குக் கீழேயே அவரைக் கிடத்தி டொக்டர் காலை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவுக்கு இதைச் சொன்னார். பங்கருக்குள் இருந்தபடி நான் கேட்டேன். அன்றுதான் வெளியே வந்தேன். கராஜில் சோக்குப் படம் அழியாமல் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து மற்ற மூன்று எஞ்சினையும் இரண்டு கிழமையில் நான் பொருத்திப் பூட்டினேன். ஷெல் அடிக்குள்ளேதான் பூட்டினேன். அது பொய்யில்லை. ஒரு தடவை வார்டில் அவரைப் பார்க்கப் போனேன். நித்திரையாக இருந்தார். எழுப்பாமல் வந்துவிட்டேன். பிறகு ஊரே இடம்பெயர்ந்தது, அவர் எந்தப் பக்கம் போனார் என்று அப்போது தெரியாது.

பொய் எப்போது தொடங்கியது என்றும் சொல்ல வேண்டும். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து, குரோய்டனில் அகதி அந்தஸ்துக்காக என்னை விசாரித்த அன்றுதான். நீயும் அம்மாவும் வெளியே கதிரையில் இருந்தீர்கள். உன் கையில் ஒரு பிஸ்கட் பக்கற். ஆஸ்பத்திரியில் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். "நாங்கள் நாலு சின்ன எஞ்சின் பூட்டினம்," என்று தொடங்கினேன். நாங்கள் என்றால் யார் யார் என்று கேட்டார்கள். மரியன் அண்ணையின் பெயரைச் சொன்னால் அவருக்கு எங்கேயாவது சங்கடம் வருமோ என்று ஒரு கணம் யோசித்தேன். அது நல்ல யோசனைதான். அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "நான்தான்," என்றேன். எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அது எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருந்ததை நானும் நம்பத் தொடங்கினேன். உனக்குக் கதை சொல்லும்போதெல்லாம் நான் நான் என்றே சொன்னேன். நீ பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது, என் அப்பா ஷெல் அடிக்குள் ஒரு ஆஸ்பத்திரிக்கு வெளிச்சம் கொடுத்தவர், அதனால்தான் நான் மின்பொறியியல் படிக்க விரும்புகிறேன் என்று எழுதிக்கொண்டுவந்து காட்டினாய். வாசித்து அழுதேன். பெருமையில் அழுகிறேன் என்று நினைத்து என்னைக் கட்டிப்பிடித்தாய். அந்த நேரம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

மரியன் அண்ணை ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு, ஐந்து வருடத்துக்கு முன் ஹவுன்ஸ்லோவுக்கு மகளிடம் வந்துவிட்டார். மகள் எயார்போட்டில் வேலை. ஊராட்கள் சொல்லி எனக்கு அது அப்போதே தெரியும். ஒரு கல்யாண மண்டபத்தில் தலையிடி என்று சொல்லிச் சாப்பிடாமல் உன்னைக் காரெடுக்கச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? ஊன்றுகோலோடு வாசலால் அவர் வருவதைக் கண்டுவிட்டேன். எங்கள் பிளேஸ்டோவில் ஏறி ஹாமர்ஸ்மித்தில் ஒரு தடவை மாறினால் அவர் வீடு. ஐந்து வருடமாக அந்த ரயிலில் நான் ஏறவில்லை.

போன புதன்கிழமை ஏறினேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று நினைக்காதே. உன்னைத் தடுக்கத்தான் போனேன்.

அவரே கதவைத் திறந்தார். மெலிந்துபோய் இருந்தார். "உமக்கு நரைச்சுப்போச்சு. உள்ளுக்கு வாரும், குளிர் வருது," என்றார், நேற்றுப் பிரிந்தவர் மாதிரி. தலைக்கு மேலே விமானம் ஒன்று தாழப் பறந்தது. நான் தோளைக் குறுக்கியதைக் கண்டுவிட்டுச் சிரித்தார். "இஞ்சை இது நெடுக வரும். முதல் கிழமை நானும் கட்டிலுக்குக் கீழைதான். இப்ப எது எந்த ஊர்ப் பிளேன் எண்டு சத்தத்திலையே சொல்லுவன்." ரீ போட்டுத் தந்தார். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நீ போவதைச் சொன்னேன். பிறகு வாயால் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன்.

"நீங்கள் ஒருக்கா அவனோடை கதைக்க வேணும் அண்ணை. உங்கடை காலைக் காட்டுங்கோ. பாத்தால் போகமாட்டான்."

அவர் குனிந்து தன் பொய்க்காலை ஒரு தடவை தட்டினார்.

"காட்டலாம்," என்றார். "எப்பிடிப் போனது எண்டு கேட்பான். தனியவோ போனீங்கள் எண்டும் கேட்பான். என்ன சொல்லட்டும்?"

"உண்மையைச் சொல்லுங்கோ."

"உம்மடை உண்மையை நான் ஏன் ஐசே சொல்ல வேணும்?"

கோப்பையைக் கீழே வைத்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னது பொய் என்று சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேலாக என் நெஞ்சில் கிடந்தது அந்த அறையில் மிகச் சாதாரணமான வசனமாக விழுந்தது.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார். "நீர் கதவிலை நிக்கேக்கை பிள்ளை பின்னாலை தவண்டு வந்து உம்மடை காலுக்கிடையாலை என்னைப் பாத்துச் சிரிச்சது. காய்ச்சல்காரப் பிள்ளை அப்பிடிச் சிரிக்காது."

பயந்துவிட்டேன் அண்ணை என்றேன். அதற்குத்தான் அவர் கோபப்பட்டார். அன்று முழுக்க அந்த ஒரு தடவைதான்.

"நீர் மட்டும்தான் பயந்தனீர் எண்டு நினைச்சீரோ? எனக்கு ஒவ்வொரு நாள் காலமையும் வயித்தாலை போகும். மூண்டு தரம் கக்கூசுக்குப் போயிட்டுத்தான் சைக்கிள் எடுக்கிறனான். பயமாயிருக்கு எண்டு நீர் சொல்லியிருந்தால், எனக்கும்தான் எண்டு சொல்லியிருப்பன். ரெண்டு பேரும் படலையிலை குந்தியிருந்து என்ன செய்யலாம் எண்டு கதைச்சிருக்கலாம். நீர் காய்ச்சல் எண்டீர். அதுக்குப் பிறகு நான் என்னத்தைக் கதைக்கிறது?"

பிறகு அவர் வேறு ஆள் மாதிரி ஆகிவிட்டார். என்ன அளவு எஞ்சின் வைக்கிறார்கள், நிலத்துக்கு மேலா கீழா, பெரிய கம்பி திரும்ப வந்தால் இரண்டும் மோதாமல் எப்படிச் சேர்க்கிறார்கள் என்று கேள்விமேல் கேள்வி கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததுதான் அதிகம். காகிதம் எடுத்து வரச் சொல்லிக் கீறிப் பார்த்தார். நான் வெளிக்கிடும்போது என் கையைப் பிடித்து, உனக்குச் சொல்லச் சொல்லி ஒன்றைச் சொன்னார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அடிபட்ட இடத்துக்கு உடனை ஓட வேண்டாம் எண்டு பெடியனுக்குச் சொல்லும். அடிச்சவனுக்குத் தெரியும், திருத்திறவன் வருவான் எண்டு. அவன் அதுக்காகத்தான் பாத்துக்கொண்டிருப்பான். நான் அண்டைக்கு அவசரப்பட்டிட்டன். தனிய நிண்டால் அவசரம் வரும். பக்கத்திலை ஒராள் நிண்டிருந்தால், கொஞ்சம் பொறுங்கோ அண்ணை எண்டு சொல்லியிருப்பான்."

அவர் என்னைக் குற்றம் சொல்வதற்காக அதைச் சொல்லவில்லை. உன் உயிருக்காகச் சொன்னார். திரும்பி வரும் ரயிலில் ஹாமர்ஸ்மித்தில் இறங்க மறந்து எங்கேயோ போய்விட்டேன். அன்று பிந்தி வந்ததற்கு அம்மாவிடம் வேறு காரணம் சொல்லத் தொடங்கினேன். நான் எங்கே போயிருப்பேன் என்று ஊகித்துவிட்ட அவ என்னை நிறுத்தினா. "மரியன் அண்ணை வந்த அண்டைக்கு நானும் வீட்டிலைதான் இருந்தனான். என்ரை பிள்ளைக்குக் காய்ச்சலோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாதோ? நீங்கள் சொல்லாட்டில் நான் சொல்லுவன்," என்றா. இத்தனை வருடமும் அவவும் எனக்காக இதைச் சுமந்திருக்கிறா. அவவுக்கும் உன்னைப் பற்றிப் பயம்தான். ஆனால் குளிருக்குப் போடுகிற உள்ளுடுப்பு ஆறு சோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் உன் பெயரை நூலால் தைத்துக்கொண்டிருக்கிறா. நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தைக்கிற மாதிரி. சிரிக்காமல் வாங்கிக்கொள்.

இனி நான் உனக்குச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். போய்வா என்று எழுதி மூன்று தடவை வெட்டிவிட்டேன். அதை வெட்டாமல் விட என்னால் ஏலவில்லை. போகாதே என்று எழுதவும் எனக்கு உரிமை இல்லை. அங்கே நீ எதைப் பூட்டினாலும் அதன் சாவியை உன்னிடம் வைத்திருக்காதே. அந்த ஊர் ஆட்கள் மூன்று பேருக்காவது அதை நிறுத்தவும் ஓட்டவும் காட்டிக் கொடுத்த பிறகுதான் அடுத்த இடத்துக்குப் போ. நீ இல்லாமல் ஓடுகிற எஞ்சின்தான் நீ சரியாகப் பூட்டிய எஞ்சின். உனக்குக் கீழே வேலை செய்கிறவன் நிலத்தில் ஏதாவது கீறிக் காட்டினால், அவன் என்ன படித்தான் என்று கேட்காமல் குனிந்து பார். ஒலேனாவோ வேறு யாரோ வா என்று கூப்பிடும்போது உனக்குப் பயமாக இருந்தால், வேறு சாட்டுச் சொல்லாதே. பயமாக இருக்கிறது என்று சொல். நீ அப்படிச் சொன்னால், கூப்பிட்டவரும் ஒரு தடவை நின்று யோசிப்பார். ஒவ்வொரு நாளும் ஒரு சொல் அனுப்பு. கரண்ட் இல்லை என்று அனுப்ப ஏலாமல் போகும் நாட்களில் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியாது. அம்மா பக்கத்தில் இருப்பா. அது எங்கள் பாடு.

உன்னைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். மரியன் அண்ணையை வரச் சொல்லியிருக்கிறேன். நீ போவது அடுத்த வியாழக்கிழமை, அவர் அதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறார். எங்கள் லிஃப்டை இன்னும் திருத்தவில்லை, கவுன்சிலுக்கு அறிவித்தாயிற்று. நான் கீழே போய் அவருக்குத் தோள் கொடுத்து மூன்று மாடியும் ஏற்றிக் கொண்டுவருவேன். நீ கதவைத் திற. அவர் உன்னிடம் எஞ்சின்களைப் பற்றித்தான் கேட்பார். என்னைப் பற்றி அவராக ஒன்றும் சொல்லமாட்டார். நீதான் கேட்க வேண்டும். அந்த நாலு நாளும் என்ன நடந்தது, ஆஸ்பத்திரி இருட்டில் கிடந்தபோது யார் யார் செத்தார்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து கேள். அவருக்குத் தெரியும். நானும் இன்னும் கேட்டதில்லை. கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் ரீ போடுகிறேன், கதவு தட்டுகிறது என்று ஏதாவது சொல்லிக்கொண்டு நான் அந்த அறையை விட்டு எழும்பமாட்டேன். எழும்பினால் கையைப் பிடித்து என்னை இருத்து.

அப்பா